மோட்டாரை அணைத்து மிதித்தால் ஸவாபு கூடுமா?

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். அவருடைய வீட்டிற்கும் பள்ளிவாசலுக்கும் இடையே இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும். நடுவில் ஒரு ரயில்வே மேம்பாலமும் ஏறி இறங்க வேண்டும். ஐந்து வேளையும் ஜமாஅத்தை விடாத தம் வாப்பா, பழைய சைக்கிளை மிதித்து இளைத்துப் போகிறாரே என்று, வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் பணம் அனுப்பி மின்சார சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

இது மோட்டார் சைக்கிள் அன்று. மிதிப்பவர் மிதிக்க, அவருடைய காலுக்குச் சக்கரத்திலுள்ள சிறிய மோட்டார் துணை செய்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த சக்தியும், மணிக்கு 25 கிலோ மீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள இத்தகைய வண்டிக்கு நம் நாட்டுச் சட்டப்படி பதிவும் வேண்டியதில்லை, லைசென்ஸும் வேண்டியதில்லை. விரும்பினால் மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் சைக்கிளாகவும் ஓட்டலாம். ஆனால் பாட்டரி, மோட்டார் இவற்றின் பாரத்தையும் அப்போது நம் கால்களே இழுக்க வேண்டும்.

ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகையில் அந்தப் பெரியவருக்கு இரண்டாவது ரக்அத்துதான் கிடைத்தது. ஸலாம் கொடுத்தபின் தூணில் சாய்ந்து மூச்சு வாங்கிக் கொண்டிருந்தார். "என்ன மாமா, பாட்டரி தீர்ந்து போச்சா?" என்று கேட்டேன்.

அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்: "பாட்டரி நெறைய இருக்கு ஹஜ்ரத். பள்ளிக்கு வரும்போது மட்டும் மோட்டாரை ஆஃப் பண்ணிடுவேன். வீட்டுக்குப் போகும்போது போட்டுக்குவேன். சிரமப்பட்டு வந்தா ஸவாபு கூடும்னு ரமலான் பயான்ல நீங்கதானே சொன்னீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆம், நான்தான் சொன்னேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் உம்ராவைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் படும் சிரமத்திற்கும் செய்யும் செலவுக்கும் தக்கபடி நற்கூலி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை எடுத்துச் சொல்லியிருந்தேன். சொன்னது சரி. ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தேன்.

மறுபாதி இதுதான். இபாதத்தைச் செய்யும்போது வருகிற சிரமம் வேறு. சிரமத்தையே இபாதத்தாக ஆக்கிக் கொள்வது வேறு.

ஒரு முதியவர் தம் இரு மகன்களின் தோள்களைப் பற்றிக்கொண்டு தள்ளாடி நடந்து வந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். விசாரித்தபோது, நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருப்பதாகச் சொன்னார்கள். இவர் தம்மைத் தாமே வதைத்துக் கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, அவரை வாகனத்தில் ஏறும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நேர்ச்சை செய்தவருக்கே இப்படியென்றால், நேர்ச்சையும் இல்லாதவர் ஏன் தம்மை வதைத்துக் கொள்ள வேண்டும்?

ஹிஜ்ரி 790-ல் வஃபாத்தான, ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவைச் சேர்ந்த இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் தம் 'அல்முவாஃபகாத்' என்னும் நூலில் இதை விரிவாக ஆராய்கிறார்கள். கூலி அதிகமுள்ள அமலை நாடலாம். கூலிக்காகச் சிரமத்தையே தேடிப் போகலாகாது என்பது அவர்கள் காட்டும் எல்லை. இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் குளிர்காலத்தில் குளிர்ந்த நீரில் குளிப்பவரை உதாரணம் காட்டுகிறார்கள். அல்லாஹ்வுக்காக அந்தச் சிரமத்தைத் தாங்கியதற்கு அவருக்குக் கூலியுண்டு. அதற்காக, வெந்நீர் பக்கத்தில் இருக்க அதைக் கொட்டிவிட்டு நடுங்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.

"பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிக்கு அருகில் குடிவர விரும்பியபோது, உங்கள் காலடிகள் பதியப்படுகின்றன என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைத் தடுக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். மதீனாவின் எல்லைப் புறங்கள் ஆளில்லாமல் வெறுமையாகி விடுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்ற காரணமும் புகாரியின் அறிவிப்பில் இருக்கிறது. குடியிருக்கும் இடத்திலிருந்து வரும் தூரத்திற்குக் கூலி உண்டு என்றுதான் அவர்கள் ஆறுதல் பெற்றார்கள். அருகில் இருப்பவர் ஊரைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு வரவேண்டும் என்று அதற்குப் பொருளல்ல.

அப்படியானால் மோட்டாரை அணைப்பதே தவறா? இல்லை. சர்க்கரை நோய்க்கு மருத்துவர் சொன்னபடி மிதிப்பவர், தம் உடம்பு என்ற அமானத்தைப் பேணுகிறார். திரும்பி வருவதற்குப் பாட்டரி வேண்டுமென்று மிச்சப்படுத்துபவர் புத்திசாலித்தனமாக நடக்கிறார். பாதி வழியில் பாட்டரி தீர்ந்தும் திரும்பிப் போகாமல் மிதித்து வருபவரோ, தேடாமல் வந்த சிரமத்தை அல்லாஹ்வுக்காகச் சுமக்கிறார். இன்ஷா அல்லாஹ் அவருக்குக் கூலி அதிகம். ஒரே சுவிட்சுதான், நிய்யத்துத்தான் வேறு.

ஆனால் சிரமத்தைத் தேடியவருக்கு என்ன மிஞ்சியது? தக்பீர் தஹ்ரீமா தவறியது. அமைதியோடு தொழுகைக்கு வரவேண்டும் என்ற ஸுன்னத்து தவறியது. மூச்சிரைப்பில் உள்ளச்சம் போயிற்று. இவ்வளவுக்கும் மேலாக, மகன் கையால் அல்லாஹ் அனுப்பிய நிஃமத்தைப் பயன்படுத்தி "அல்ஹம்து லில்லாஹ்" சொல்லும் வாய்ப்பும் போயிற்று. சிரமத்தில் பொறுமை எப்படி இபாதத்தோ, இலகுவில் நன்றியும் அப்படியே இபாதத்துத்தான்.

இவற்றைச் சொன்னபோது பெரியவர் கண் கலங்கினார். "அப்ப இத்தனை நாள் மிதிச்சது வீண்தானா ஹஜ்ரத்?" என்றார்.

"வீணில்லை மாமா. அல்லாஹ்வுக்காகவே மிதிச்சீங்க, அந்த நிய்யத்தை அவன் வீணாக்க மாட்டான். குறை பாதியைச் சொன்ன என் நாவுலதான்" என்றேன். அந்த வெள்ளிக்கிழமையே மிம்பரில் மறுபாதியையும் சொன்னேன்.

இப்போது அவர் பாங்கு சொல்வதற்கு முன்பே வந்து முதல் ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறார். மேம்பாலத்தில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு மகனுக்காக துஆச் செய்தபடி வருவதாகச் சொன்னார். சமதரையில் சில வேளை அணைத்துவிட்டு, "இது முழங்காலுக்கு" என்று சிரிக்கிறார்.

சிரமம் வந்தால் பொறுக்கவும், இலகு வந்தால் நன்றி செலுத்தவும், இரண்டிலும் அவனையே நாடவும் வல்ல அல்லாஹ் நம்மனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.