நெல் இருக்கா? அப்போ நீ தோக்கலை!

அக்கா மகன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் களையே இல்லை. ராஜ்ஜியம் கட்டி ஆளும் விளையாட்டு அது. வரைபடத்தின் மூலையில் இவனுக்கு உள்ளங்கை அகல நாடு, சுற்றிலும் நாலு வல்லரசு. அன்றைக்கு ஐந்தாவது தடவையாகத் தோற்றிருந்தான்.

"படையே இல்லாம என்ன மாமா பண்ண முடியும்?"

"நெல் இருக்கா?"

"களஞ்சியம் நிறைய இருக்கு."

"அப்போ நீ தோக்கலைடா!"

தஞ்சாவூர் பக்கத்து ஒரத்தநாட்டில் பிறந்த பிள்ளை கேட்கக்கூடாத கேள்வி அது. அந்த ஆட்டத்தை நிஜமாகவே ஆடிய மண் இது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தலைமுறை தலைமுறையாக ஆடிய மண்!

1749-ஆம் வருடக் கடைசி. ஆற்காட்டு நவாப் பதவிக்குக் குறிவைத்த சந்தா சாகிபும், ஐதராபாத் நிஜாம் பதவிக்குக் குறிவைத்த முசாபர் ஜங்கும் பிரெஞ்சுப் பீரங்கிகளோடு தஞ்சாவூர்க் கோட்டை வாசலில் நிற்கிறார்கள். உள்ளே பிரதாபசிங் மகாராஜா. திறந்த வெளியில் மோதியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் பேச ஆரம்பித்தார். நாள் கணக்கில், வாரக் கணக்கில் பேசினார். பேசிக்கொண்டே முசாபர் ஜங்கின் எதிரியான நாசிர் ஜங்குக்கும் ஆங்கிலேயருக்கும் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். பொறுமை இழந்த பிரெஞ்சுக்காரர்கள் தாக்கியதும், எழுபது லட்சம் ரூபாய் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். எப்படித் தந்தார் தெரியுமா? ஒரு நாள் வெள்ளித் தட்டுமுட்டுச் சாமான் வரும். அதை நிறுத்து, விலை பேசி, சந்தை வியாபாரி மாதிரி அரண்மனை ஆட்கள் மல்லுக்கு நிற்பார்கள். இன்னொரு நாள் செல்லாத பழங்காசு வரும். அதற்கடுத்து நகையும் கல்லும். கல்லுக்கு விலை மதிப்பதென்றால் ஒரு நாளில் முடிகிற வேலையா? ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயர் இதை விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார். எண்ணி முடிப்பதற்குள் நாசிர் ஜங்கின் பெரும்படை தெற்கே வருகிறது என்ற சேதி வந்தது. முற்றுகையிட்டவர்கள் மூட்டை கட்டினார்கள். 1752-இல் அதே சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியிடம்தான் வந்து சரணடைந்தார்.

இதைக் கோழைத்தனம் என்று எவனாவது சொன்னால், அவன் முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லுங்கள். பீரங்கி வாசலில் நிற்கும்போது குரல் நடுங்காமல் ஒரு வெள்ளித் தட்டுக்குப் பேரம் பேசுவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? வயலிலிருந்து வந்தது. இந்தக் கடற்கரையில் கால் வைத்த ஒவ்வொருவனுக்கும் காவிரி நெல் தேவைப்பட்டது. சண்டை போட வந்த படைக்கும் சோறு தேவைப்பட்டது. அதற்கும் முன்னால் 1620-இல், நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் இருந்த காலத்திலேயே, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் டேனியர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். ஆண்டுக் குத்தகை 3,111 ரூபாய். டென்மார்க் மன்னருக்கு அவர் தங்க ஏட்டில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. பிற்பாடு நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர், காரைக்காலில் பிரெஞ்சுக்காரர், தேவிகோட்டையில் ஆங்கிலேயர் என்று ஆனது. இதில் விரும்பிக் கொடுத்ததும் உண்டு, அடித்துப் பிடுங்கியதும் உண்டு. ஆனால் ஒருவன் கழுத்தைப் பிடித்தால் இன்னொருவனிடம் போய்ப் பேச வழி இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பழைய பாக்கியைக் கேட்டு வந்து கோட்டையைச் சுற்றினார். ஆங்கிலக் கப்பற்படை காரைக்கால் பக்கம் தெரிந்ததும் அவரும் திரும்பிப் போனார்.

எப்போதும் ஜெயித்தார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். 1773-இல் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரும் கைகோத்தபோது கோட்டை விழுந்தது. பிரதாபசிங்கின் மகன் துளஜா மகாராஜா கைதியானார். விழுந்த பிறகும் நியாயம் லண்டன் வரை போய்ப் பேசப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களின் உத்தரவோடு சென்னை ஆளுநர் பிகாட் பிரபு வந்து, 1776-இல் அவரைத் திரும்ப அரியணையில் உட்கார வைத்தார். கோட்டைக்குள் ஆங்கிலப் படை தங்கியது அதற்குக் கொடுத்த விலை. பெரிய விலைதான். ஆனால் ஆட்டம் முடியவில்லை!

அப்புறம் நம் ஊர். கம்பெனியோடு செய்த 1799 உடன்படிக்கையில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியிடமிருந்து நாடே போயிற்று; கோட்டையும் வருமானத்தில் ஒரு பங்கும்தான் மிச்சம். மூலையில் உட்கார்ந்து அழுதாரா அந்த மனிதர்? வாளை வாங்கிக்கொண்டவர்களிடம் எழுத்தை எடுத்துக்கொண்டு போனார். சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறு போடுகிறோம், அநாதைப் பிள்ளைகளை வளர்க்கிறோம், நோயாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று விவரித்து, அவற்றைக் காப்பாற்றுவதற்காக 1801-இல் கம்பெனியின் ரெசிடெண்ட் டோரினுக்குக் கடிதம் எழுதினார். மறு வருடம், 1802-இல், ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரம் எழுந்தது. அங்கே சோறும் போட்டார்கள், எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். நாட்டை இழந்தவர் கட்டிய கட்டடம் அது! பஸ்ஸில் போகும்போது போனிலிருந்து தலையைத் தூக்கி ஒரு தடவை பாருங்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களிடம் படை இல்லையா? சிபாரிசு இல்லையா? அப்பாவுக்குக் கடன் இருக்கிறதா? இருக்கட்டும்! உங்கள் கையில் இருக்கிற எது அடுத்தவனுக்கு வேண்டியிருக்கிறது என்று முதலில் கணக்கெடுங்கள். கடன்காரனைப் பார்த்துத் தெரு மாறிப் போகாதீர்கள். நேரே போய் உட்கார்ந்து தவணை பேசுங்கள். ஒரே ஒருவனை நம்பி நிற்காதீர்கள், இரண்டாவது கதவையும் தட்டுங்கள்!

இதையெல்லாம் அன்றைக்குத் திண்ணையில் அக்கா மகனிடம் கொட்டித் தீர்த்தேன். அவன் தோற்றது கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். கஜா புயல் 2018-இல் அவர்கள் தென்னந்தோப்பைச் சாய்த்துவிட்டுப் போனது. தப்பிய மரமும் புதிதாக வைத்த கன்றும் இப்போதுதான் காய்க்கின்றன. வருகிற வியாபாரி ஒருவர். அவர் சொன்னதுதான் விலை. காய் முளை விட்டுவிடுமே என்ற பயத்தில் இவனும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு, போன வெட்டில் பாதிக் காயை உடைத்துக் களத்தில் காயப்போட்டான். கொப்பரை ஆகிவிட்டால் காத்திருக்கும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய் ஏலம் எப்படி நடக்கிறது என்று கேட்டு, அன்றைய விலையைக் குறித்துக்கொண்டு வந்தான்.

நாலு நாள் கழித்து வியாபாரி வண்டியோடு வந்தார். களம் முழுக்க வெள்ளை வெளேரென்று தேங்காய் மூடிகள். அவர் கண் அங்கேயே நின்றது. பையன் உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டான்.

"உக்காருங்கண்ணே. அவசரம் ஒண்ணும் இல்ல, பேசுவோம்."