ஓசியில் வந்த அமைதியா?

எகிப்தில் அஸ்வானிலிருந்து கோம் ஓம்போ ஏறக்குறைய 45 கிலோமீட்டர். காரில் போனால் ஒரு மணி நேரச் சமாசாரம். ஃபெலூக்கா என்கிற பாய்மரப் படகில் நைல் நதி வழியாகப் போனால், ஒரு முழுப் பகல் போதாது!

மோட்டார் கிடையாது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து எதிரே வீசுகிறது. நதி 'வா' என்கிறது. காற்று 'இருப்பா, என்ன அவசரம்?' என்கிறது. படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக வளைந்து வளைந்து இறங்குகிறது. மெத்தையில் சாய்ந்துகொண்டு பேரீச்ச மரங்களைப் பார்த்தபடி கிடக்கலாம். செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டால் சொர்க்கம்தான்.

வருஷமெல்லாம் ஓடி உழைக்கிறவர் இப்படி ஒருநாள் சும்மா கிடப்பது தப்பா? தப்பே இல்லை. ஆனால், படுத்தபடியே ஒரு விஷயத்தை யோசிக்கலாம். இந்த நதி ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறது?

பழைய நைல் இப்படி இல்லை. எத்தியோப்பிய மழை வருஷா வருஷம் வெள்ளமாக வந்து வயல்களை மூழ்கடித்து, வண்டலைக் கொட்டிவிட்டுப் போகும். 1960-ல் தொடங்கி 1970-ல் முடிந்த அஸ்வான் உயர் அணைதான் அதற்கு மூக்கணாங்கயிறு போட்டது. மின்சாரம் கிடைத்தது. வருஷம் முழுக்கப் பாசனம் கிடைத்தது. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது?

விலை என்ன? அணைக்குப் பின்னால் சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரி. அதில் அபு சிம்பெல் கோயில் மூழ்க இருந்தது. உலகமே பதறியது. யுனெஸ்கோ முன்னின்று 1964 முதல் 1968 வரை அந்தக் கோயிலைக் கல் கல்லாக அறுத்து, சுமார் 65 மீட்டர் மேலே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். வருஷத்தில் இரண்டு முறை கருவறைக்குள் சூரிய ஒளி விழும் ஏற்பாட்டைக்கூட விடாமல் காப்பாற்றினார்கள். அற்புதம்!

அதே ஏரிக்குள் நூபிய மக்களின் கிராமங்களும் போயின. எகிப்துப் பக்கம் மட்டும் சுமார் 50,000 பேர். 1963-64-ல் அவர்களைக் கோம் ஓம்போ பக்கம், ஆற்றிலிருந்து தள்ளிக் குடிவைத்தார்கள். ஆமாம், நம் படகு உல்லாசமாகப் போய்ச் சேருகிற அதே ஊர்ப் பக்கம்தான். புது ஊர்களுக்கும் மூழ்கிப்போன ஊர்களின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். கல்லைப் பத்திரமாகத் தூக்கிவைக்கலாம். ஆற்றங்கரை வாழ்க்கையை எப்படித் தூக்கிவைப்பது? 'பத்து வருஷத்துக்குள் சொந்த மண்ணுக்கே திரும்ப அழைத்துப் போவோம்' என்று எகிப்து தன் 2014 அரசியல் சட்டத்தில் உறுதி சொன்னது. அந்தப் பத்து வருஷமும் ஓடிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்டால் ஓய்வு கெட்டுப்போகாதா என்று கேட்பீர்கள். கெடாது. சாப்பாடு போட்டவர் யாரென்று தெரிந்தால் ருசி குறைந்துவிடுமா என்ன? அனுபவிப்பது பாவமில்லை. ஓசியில் வந்தது என்று நினைத்து அனுபவிப்பதுதான் பாவம். குற்ற உணர்ச்சியோடு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு படகில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதுவும் நம்மைப் பற்றிய கவலைதானே?

அங்கே படகோட்டிகளில் நிறையப் பேர் நூபியர்கள். எவ்வளவு காசு, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்பதோடு, அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்.

'உங்க தாத்தாவுக்கு எந்த ஊருங்க?'

பதில் வர நேரமாகலாம். ஆகட்டுமே... நமக்குத்தான் அவசரம் இல்லையே!