உறக்கம் வாராத இரவு

முதுமையில் நம்மிற் பலருக்கு நள்ளிரவில் விழிப்பு வந்துவிடுகிறது. அப்போது நாம் எண்ணுவதெல்லாம், யார் நம்மை என்று இகழ்ந்தார் என்பதே. உயிரின் காட்சியை மறைக்கும் வினையின் 9 வகைகளுள் 5 உறக்கத்தின் வகைகளே என்பது நம் ஆகமக் கொள்கை. ஆகவே, விழித்திருத்தல் இழப்பன்று; விழித்திருந்து பகை வளர்த்தலே இழப்பு.

கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் நோன்பு வயிற்றின் சுமையைக் குறைக்கும். மனத்தின் சுமையை இறக்கப் பிரதிக்கிரமணம் உண்டு. அன்றைய பிழைகளுக்கு வருந்தி, எல்லா உயிர்களையும் பொறுத்து, அவற்றிடம் நாமும் பொறுத்தல் வேண்டுவோம். பின்னும் உறக்கம் வாராதாயின், கடிகாரத்தைப் பாராது எழுந்தமர்ந்து, 35 எழுத்துடைய பஞ்ச நமஸ்கார மந்திரத்தை மெல்ல ஓதுவோம்; கண் அயரும்போது படுக்கைக்குத் திரும்புவோம். உறக்கம் வரின் உடலுக்கு நன்று. வாராவிடினும் அவ்விரவு வீணன்று.