கண்ணீரும் செருப்பும்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்துக்குச் சொந்தக் கொட்டகை கிடையாது. வாசகசாலை மாடியில் ஒரு திரை, ஐம்பது நாற்காலி, அவ்வளவுதான். மாடிப்படியின் கீழே செருப்பை விட்டுவிட வேண்டும். அங்கேதான் டி சிகா 1948-இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தைப் பார்த்தேன்.

போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் அவசியம். அது களவு போகிறது. ரோம் நகரமெங்கும் மகனோடு தேடி அலைந்த தகப்பன், கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடி அகப்பட்டுக் கொள்கிறான். அந்த வேஷத்தில் வந்தவர் நடிகரல்ல, ஆலைத் தொழிலாளி. நான் கண்ணைத் துடைத்துக் கொண்டேன்.

கீழே இறங்கி வந்தால், ஒருவன் என் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிக் கொண்டிருந்தான். பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். அப்போது நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவன் மறுபேச்சில்லாமல் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தான். என் கண்ணில் ஈரம் இன்னும் காயவில்லை.

அப்படியானால் அந்தக் கண்ணீர் பொய்யா? பொய்யென்று சொல்ல மனம் வரவில்லை. ‘அந்தத் திருடனின் கதையை ஒன்றரை மணி நேரம் பார்த்தேன், இவன் கதை எனக்குத் தெரியாதே’ என்று சமாதானம் சொல்லிக் கொண்டேன். ஆனால் படத்தில் அந்தச் சைக்கிளுக்கு உடையவர் மட்டும் கதையைக் கண்டாரா? அழுகிற பையனின் முகத்தைப் பார்த்தார். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

கதை தெரிந்தபின் இரங்குவதற்கு ரசனை போதும். தெரியாமல் இரங்குவதற்குத்தான் மனசு வேண்டும். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இது சற்றுச் சங்கடமான முடிவுதான்.