தேம்ஸில் போடச் சொன்ன நாவல்

பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் வண்டி நின்றால் போதும், நெஞ்சளவு புத்தக அடுக்கோடு ஒரு பையன் கார் கண்ணாடியைத் தட்டுவான். அடுக்கின் மேலே பெரும்பாலும் பாலோ கொயலோவின் 'தி அல்கெமிஸ்ட்'தான் இருக்கும். கனவைத் தேடிப் போனால் பிரபஞ்சமே கூட வரும் என்ற கதை. பிரபஞ்சத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. இதே ஊரில் ஒரு பாட்டி கூட வந்த கதை தெரியும்.

1930 விஜயதசமி. எழுத்தாளராகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த 23 வயதுப் பேரனுக்குப் பாட்டி நாள் பார்த்துக் கொடுத்தார். பேரன் ஒரு நோட்டு வாங்கி வந்து உட்கார்ந்தார். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் கண்முன் வந்தது. பிளாட்பாரத்தில் சுவாமிநாதன் என்று ஒரு பையன், பயணிகளின் முகத்தை எட்டி எட்டிப் பார்த்தபடி ஓடுகிறான். ஸ்டேஷன் பெயர் மால்குடி. மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் ஒட்டிச் செய்த பெயர் என்று பெங்களூர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். ஆனால் ஊரும் பெயரும் முழுசாக அப்படியே வந்தன என்பதுதான் அந்தப் பேரன் ஆர்.கே. நாராயண் சொன்ன கணக்கு.

வந்தது மால்குடி மட்டும்தான், பணம் வரவில்லை. எழுத்தில் முதல் வருஷம் அவர் சம்பாதித்தது 9 ரூபாய் 12 அணா. சென்னபட்டணாவில் கிடைத்த வாத்தியார் வேலையையும் சில நாளில் உதறிவிட்டு வந்தவர். கல்லூரி நுழைவுத் தேர்வில் அவரைக் கவிழ்த்த பாடம் எது தெரியுமா? ஆங்கிலம்! அப்படிப்பட்ட பிள்ளைக்கும் வீட்டில் சோறு போட்டார்கள். கனவு காண்பவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சோற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாவல் லண்டனுக்குப் போனது, திரும்பியது, மறுபடி போனது. கடைசியில் அவருக்கே வெறுத்துவிட்டது. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்: கையெழுத்துப் பிரதியில் ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு.

பூர்ணா சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிரதியை எடுத்துக்கொண்டு போய், அங்கே இருந்த இளம் நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீன் பதிப்பாளரைப் பிடித்தார். 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் 'ஸ்வாமியும் நண்பர்களும்' நாவலை வெளியிட்டது. நாராயணசாமி என்ற பெயரை நாராயண் என்று சுருக்கச் சொன்னவரும் கிரீன்தான்.

எனக்கு இதில் பிடித்த ஆள் பூர்ணா. எழுதியவரே கைகழுவிவிட்டார். சொன்னதைச் செய்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் கல் தேடப் போகவில்லை அந்த மனிதர்.

நாவலின் உள்ளேயாவது கனவு பலிக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஸ்வாமியின் ஆசையெல்லாம் நண்பன் ராஜத்தின் கிரிக்கெட் அணிக்காக அந்த ஒரு மேட்ச் ஆடுவது. பள்ளிக்கூடத்தில் தகராறு செய்துகொண்டு ஊரைவிட்டு ஓடி, இருட்டில் காட்டுவழியில் திசை தப்பி, வீடு வந்து சேர்வதற்குள் மேட்ச் முடிந்துவிடுகிறது. ராஜம் பேச்சை நிறுத்திவிடுகிறான்.

விஜயதசமியன்று முதன்முதலாக எழுதிய ஸ்டேஷன், நாவல் முடிந்தபோது கடைசிப் பக்கங்களுக்குப் போயிருந்தது. அங்கேதான் ராஜத்தின் குடும்பம் ஊரைவிட்டு ரயிலேறுகிறது. ஸ்வாமி ஓர் ஆண்டர்சன் கதைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நேரில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. வண்டி நகரத் தொடங்கிய பிறகு இன்னொரு நண்பன் மணியிடம் நீட்டுகிறான். மணி அதை வாங்கிக்கொண்டு பெட்டியோடு ஓடுகிறான்.