பயிற்சியே இயல்பாகும்

உபாசக உபாசிகைகளே!

கோபர்கைரனேயிலிருந்து வாஷிப் பாலத்தைக் கடந்து தாராவிக்குச் செல்லும் நாளில், அங்குள்ள கும்பார்வாடாவில் சற்று நின்று பாருங்கள். சௌராஷ்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் மரபினர் அங்கே அகலும் பானையும் வனைகின்றனர். முதியவர் கையில் மண் தானே எழுந்து பானையாவதுபோல் தோன்றும். புதிதாய்ச் சக்கரத்தின்முன் அமர்ந்தவன் கையிலோ அது நடுவில் நில்லாது சாய்ந்து சரியும். “முதியவருக்கு இது பிறவியில் வந்த கலை” என்பர் பார்ப்போர். அவரும் ஒரு காலத்தில் மண்ணைச் சரியவிட்டவரே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. நெடுநாட் பயிற்சி பழகப்பழக வெளியே தெரியாது மறைந்துவிடுகிறது. ஆகவே அது இயல்பெனத் தோன்றுகிறது.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்று, ஓவியம், மொழி, கல்வி, நடை ஆகியவை பழகுவதால் அமையும் என்கிறது. இது நமக்கும் உடன்பாடே. ஆனால் நேசத்தையும் இரக்கத்தையும் ஈகையையும் பிறப்போடு வருவனவாக அப்பாடல் பிரித்து வைக்கிறது. தம்மம் வேறுபடுவது இவ்விடத்தில்தான். பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்ற பகவன், மைத்திரியையும் பயின்று வளர்க்கவே போதித்தார். ‘பாவனா’ என்னும் பாலிச் சொல்லுக்கே வளர்த்தல் என்பது பொருள்.

1956 அக்டோபர் 14-இல் பாபாசாகேப் அம்பேத்கர் நாகபுரியில் தம் மக்களுக்கு 22 உறுதிமொழிகளை அளித்தார். அவற்றைச் சொல்ல ஒரு நாள் போதும். அவை இயல்பாக ஓர் ஆயுள் வேண்டும். “சீலம் ஏற்றுப் பல ஆண்டுகளாயின, சினம் மூண்டால் பழைய வசைமொழியே முதலில் நாவில் எழுகிறது. நாம் இதற்குப் பிறந்தவரல்லர் போலும்” என்று நம்மில் சிலர் சோர்வடைகின்றனர். அன்பர்களே, பிறப்பின்மீது பழிபோடும் இச்சோர்வு, நாம் விட்டுவந்த பழைய நோயின் மிச்சமேயாகும்!

பகவன் கூறிய உவமையொன்று சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. தச்சனின் வாய்ச்சிப்பிடியில் விரற்சுவடு பதிந்திருக்கும். இன்று இவ்வளவு தேய்ந்தது, நேற்று இவ்வளவு தேய்ந்தது என்று அவன் அறியான். ஆயினும் பிடி தேய்ந்திருப்பதை அறிவான். பாவனையில் நிலைத்திருப்பவனின் மனமாசும் அங்ஙனமே தேய்கிறது.

ஆகவே இன்றிரவு உறங்குமுன், உங்களைப் புண்படுத்திய ஒருவரை நினைந்து, அவர் நலமாயிருக்க விரும்புங்கள். முதலில் அது நடிப்புப்போல் தோன்றும், மனம் இணங்காது. மண் சரிந்ததற்காகக் குயவர் சக்கரத்தை விட்டு எழுவதில்லை. மீண்டும் அதனை நடுவில் வைக்கிறார். நாளையும் அவ்வாறே செய்யுங்கள்.

சகல உயிர்களும் சுகமாய் வாழ்க! சாது! சாது! சாது!