வாயில்லாச் சீவனுக்கு யார் சாட்சி?

தீபாவளி இரவிலும் டிசம்பர் 31 நள்ளிரவிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சீனவெடி முழங்கும்போது, கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்களும் பூனைகளும் எத்தனையோ. அவற்றைச் சாந்தப்படுத்தவென்றே மூலிகைச் சொட்டுகளும் மாத்திரைகளும் சந்தையில் உண்டு. அமுக்கரா, சீமைச் சாமந்தி, வலேரியன் என்று போத்தலில் எழுதியிருக்கும். எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா?

இது அற்பக் கேள்வியல்ல. அமுக்கராவில் மருந்துக்கு உரியது வேர். வேர்த்தூளோடு மலிவான இலைத்தூளைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வுகூடத்து நிறப்பகுப்பியல் சோதனையில்தான் பிடிபடும். பார உலோகங்களும் அப்படியே. 2004 இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் போஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளுள் 14 இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அவை மனிதருக்கென விற்கப்பட்டவை.

மனிதனென்றால், ‘வயிற்றைப் புரட்டுகிறது’ என்று சொல்லி நிறுத்திவிடுவான். பூனைக்காக நாமே வாங்குகிறோம், நாமே ஊட்டுகிறோம், ‘குணம் தெரிகிறது’ என்று சாட்சியும் நாமே சொல்கிறோம். அந்தச் சாட்சியை எவ்வளவு நம்பலாம்? 2012 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூட்டுவாத நாய்களுக்கு மருந்தற்ற வெறும் மாத்திரை கொடுக்கப்பட்டபோதும் உரிமையாளர் பலர் முன்னேற்றம் கண்டார்கள். கால் ஊன்றும் விசையை அளந்த கருவியோ அதைக் காட்டவில்லை. அச்சத்தில் உறைந்து கிடப்பதும் நமக்குச் சாந்தமாகத் தோன்றலாம்.

‘மனிதனுக்கே நல்ல மருந்தில்லாத நாட்டில் நாய்க்கு ஆய்வுகூடமா?’ என்று கேட்போர் உண்டு. 2023 இன் தரமற்ற இமியூனோகுளோபுலின் விவகாரத்தைக் கண்ட நமக்கு அக்கேள்வியின் கசப்பு விளங்கும். ஆனால், வைத்தியசாலையில் நினைவிழந்து கிடப்பவன் தனக்கு ஏற்றப்படும் மருந்தைப் பற்றி என்ன கேட்கமுடியும்? அவ்வேளை அவனும் அந்தப் பூனையும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். 12 ஆம் நூற்றாண்டில் சிரியாவில் அஷ்ஷைஸரீ எழுதிய சந்தைக் கண்காணிப்பு நூலில் மருந்துக் கலப்படமும் பேசப்படுகிறது. மிருக வைத்தியருக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒரே கண்காணிப்பின் கீழ் வைத்தார்கள்.

முறையிட முடியாதவருக்குக் குறைந்த தரம் போதும் என்பது தலைகீழ் நியாயம். முறையீடு எழாத இடத்தில்தான் சோதனை கூடுதலாக வேண்டும். ஆகவே தொகுதி இலக்கமும் ஆய்வுகூட அறிக்கையும் இல்லாத போத்தலை வாங்காதிருப்போம். வெடி முழங்கும் இரவில் யன்னலை அடைத்து, அந்தச் சீவனின் பக்கத்தில் அமர்ந்திருப்பதால் கெடுதி ஒன்றும் வராது.